பெரியகுளத்து ஹார்னும் குமரகத்துப் படகும்!

பெரியகுளத்துக்கு ஜனங்கள் எதற்கெல்லாம் போகிறார்கள்? சீசனில் மாம்பழத்துக்குப் போகிறார்கள். குற்றாலம் வரை போக பாக்கெட் இடம் கொடுக்காதவர்கள் கும்பக்கரை அருவிக்குப் போகிறார்கள். பக்தர்கள் பாலசுப்பிரமணிய சுவாமி கோயிலுக்கு. கல்யாணமானவர்கள் மாமியார் வீட்டுக்கு (இவர்களும் ஒருவகையில் பக்தர்கள்தான்). ஆனால் ஒரு படகுக்கு ஹார்ன் வேண்டும் என்று பெரியகுளத்துக்கு ஆள் அனுப்பியவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

சிரிக்காதீர்கள் சார். விஷயம் இருக்கிறது.

ஊரின் நடுவே வராக நதி ஓடி, ஊரைத் தென்கரை, வடகரை என்று இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. முதுகுக்குப் பின்னால் சுவர் எழுப்பினாற்போல் கொடைக்கானல் மலை. காட்ரோடு வருவதற்கு முன்னால், வெள்ளைக்காரத் துரைமார்கள் பெரியகுளத்துப் பக்கத்து அடிவாரத்திலிருந்துதான் கொடைக்கானலுக்கு ஏறினார்கள். துரை டோலியில், டோலி நம்மவர் தோளில். 1863-இல் லெவிஞ்ச் என்ற துரை அங்கே ஏரி வெட்டிவைத்தார். இன்றைக்கு அதில் புதுமணத் தம்பதிகள் பெடல் மிதித்து மூச்சு வாங்குகிறார்களே, அதே ஏரிதான்!

இப்படி மலையைக் கட்டிக்கொண்டு வாழ்கிற ஊரில் ஒரு தொழில் கட்டாயம் செழிக்கும். ஹார்ன் தொழில்! கொடைக்கானலுக்கு ஏறினாலும் வளைவு, குமுளிக்கு ஏறினாலும் வளைவு, போடிமெட்டுக்கு ஏறினாலும் வளைவு. பிரேக்கும் ஹார்னும் இல்லாமல் இந்த ஜில்லாவில் வண்டி வைத்திருப்பவன் ஒன்று சித்தர். இல்லையென்றால் சீக்கிரம் சித்தியடையப் போகிறவர்.

எனக்குத் தெரிந்த ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் அங்கே இருக்கிறார். லாரி, பஸ், டிராக்டர் எதுவானாலும் ஹார்னை ஒரு தடவை அடிக்கச் சொல்லிக் கேட்பார். டாக்டர் "ஆ காட்டு" என்பதுபோல. "ரிலே பாயிண்ட் கருகியிருக்கு", "ஒயர் உள்ள அத்துருக்கு" என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்.

அவருடைய மச்சினன் கேரளாவில் குமரகத்தில் செட்டில் ஆனவர். வேம்பநாட்டுக் காயலில் ஒரு சின்னப் படகு வைத்திருக்கிறார். ஆறு பேர் உட்காரலாம், ஃபைபர் உடம்பு, பின்னால் ஒரு எஞ்சின், மேலே ஒரு கூரை. காலையில் டூரிஸ்ட்டுகளை ஏற்றிக்கொண்டு வாய்க்கால் வாய்க்காலாகச் சுற்றிக் காட்டுவது பிழைப்பு. போன டிசம்பரில் ஒருநாள் ராத்திரி போன்.

"மச்சான், ஹார்ன் அடிக்கல."

"எந்த வண்டி மாப்ள?"

"வண்டி இல்ல மச்சான், போட்டு!"

அண்ணன் சிரிக்கவில்லை. ஏனென்றால் அடுத்துச் சொன்னது சிரிக்கிற விஷயம் இல்லை. காலைப் பனி. ஒரு வாய்க்கால் முடுக்கு. திரும்புகிற நேரத்தில் எதிரே ஒரு ஹவுஸ்போட், வீடு நடந்து வருவதுபோல் வந்து நின்றிருக்கிறது. இவர் ஹார்ன் பட்டனை அமுக்க, 'டிக்' என்ற சத்தத்தோடு சரி. தொண்டை கிழியக் கத்தி, எஞ்சினை ரிவர்ஸில் போட்டு, கரையோரத்துத் தென்னையில் படகை முட்டி நிறுத்தியிருக்கிறார். முன்சீட்டில் அப்பா மடியில் நாலு வயசுக் குழந்தை. அது மட்டும் கை தட்டியதாம், இன்னொரு தடவை முட்டச் சொல்லி!

"ஞாயித்துக்கிழமை வர்றேன். அதுவரைக்கும் போட்ட எடுக்காத" என்றார் அண்ணன். எனக்கும் ஆபீஸ் லீவு. தொற்றிக்கொண்டேன்.

முதல் பிரச்னை, எந்த ஹார்ன்? கடைக்கு வந்த வாடிக்கையாளர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். "பாட்டுப் பாடுமே பஸ் ஹார்ன், அதை மாட்டுங்கண்ணே, மீனெல்லாம் ஆடும்!" என்றார் ஒருவர். அண்ணன் முறைத்தார். பல சுருதியில் பாடுகிற ஹார்னை ரோட்டிலேயே வைக்கக்கூடாது என்கிறது 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119-ஆம் விதி. தண்ணீரில் பாட்டு இன்னும் ஆபத்து. ஏன் என்பது பின்னால் வருகிறது.

படகுகளுக்கும் விதி இருக்கிறது. கடலில் மோதல் தவிர்ப்பதற்கான சர்வதேச விதிகளை 1972-இல் எழுதி, 1977-இல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். 12 மீட்டருக்குக் குறைந்த சின்னப் படகுக்குப் பெரிய கப்பல் ஹார்ன் கட்டாயமில்லை. ஆனால் நன்றாகக் கேட்கிற மாதிரி ஏதாவது ஒரு சத்தம் எழுப்புகிற சாதனம் இருந்தே ஆகவேண்டும். 12-லிருந்து 20 மீட்டருக்குள் இருந்தால் அரைக் கடல் மைல் தூரத்துக்குக் கேட்கவேண்டும். வாய்ச் சத்தம் எந்தக் கணக்கிலும் வராது, அது எவ்வளவு பெரிய வாயாக இருந்தாலும்!

அண்ணன் மதுரையில் சொல்லிவைத்து, துருப்பிடிக்காத ஸ்டீல் குழல் வைத்த படகு ஹார்ன் ஒன்றை வரவழைத்தார். பெட்டியைப் பார்த்தால், சரக்கு கொச்சியிலிருந்து மதுரைக்கு வந்திருந்தது. குமரகத்துக்குப் பக்கத்திலிருந்து கிளம்பி, மதுரை பார்த்து, பெரியகுளம் பார்த்து, மறுபடி குமரகம் போகிற ஹார்ன்! எல்.டி.சி.யில் குடும்பத்தோடு போகிற நமக்குக்கூட இவ்வளவு ரவுண்டு வாய்க்காது.

ஞாயிறு விடிகாலை நாலு மணிக்கு அண்ணனின் பழைய ஆம்னி வேன் கிளம்பியது. தேனி, வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர். இரண்டு பக்கமும் மலை, நடுவே வயலும் வாழையும் திராட்சைப் பந்தலும். இந்தப் பச்சைக்கெல்லாம் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? 1895-இல் பெரியாறு அணையைக் கட்டி முடித்த பென்னிகுவிக், மேற்கே ஓடிக்கொண்டிருந்த தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிவிட்டார். அந்த நன்றிக்கு லோயர் கேம்ப்பில் 2013-இல் மணிமண்டபம் திறந்தார்கள். இந்தப் பக்கத்தில் பையனுக்கு பென்னிகுவிக் என்று பேர் வைத்தவர்களும் உண்டு.

லோயர் கேம்ப் தாண்டியதும் மலையேற்றம். அண்ணன் ரேடியோவை அணைத்தார். ஜன்னலை இறக்கினார். டிசம்பர் குளிர் உள்ளே வந்து பல்லைத் தட்டியது.

"ஏண்ணே, குளிருதுண்ணே..."

"வளைவு வருதுல்ல. ஹார்ன் அடிக்கிறது பாதி வேலதேன். மீதி வேல காதுக்கு. கண்ணாடிய ஏத்தி வச்சுக்கிட்டு ஹார்ன் அடிக்கிறவன், போன் போட்டுட்டு ரிசீவர கீழ வச்சவன் மாதிரி."

ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் நீளமாக ஒரு ஹார்ன். பிறகு ஒரு விநாடி மௌனம். மேலேயிருந்து பதில் ஹார்ன் வந்தால் ஓரம் கட்டிக் காத்திருத்தல். இறங்குகிற வண்டி, ஏறுகிற வண்டிக்கு வழி விடவேண்டும் என்பது மலைரோட்டுச் சட்டம். அதற்காக எதிரே இறங்கி வருகிற டிரைவருக்கும் சட்டம் தெரியும் என்று நம்பி ஏறக்கூடாது என்பது அண்ணனின் சட்டம்.

குமுளியில் டீ. இங்கிருந்து தேக்கடிப் படகுத்துறை கூப்பிடு தூரம்தான். பெரியாறு அணை தேக்கிய அதே தண்ணீர். அங்கேதான் 2009 செப்டம்பர் 30-ஆம் தேதி 'ஜலகன்யகா' என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் மிருகங்களைப் பார்க்க ஆட்கள் ஒரே பக்கமாகச் சாய, இரண்டடுக்குப் படகு சாய்ந்துவிட்டது. யாரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கவில்லை. நம் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் அதில் இருந்தார்கள். அதற்கு ஹார்ன் என்ன செய்திருக்கும்? ஒன்றும் செய்திருக்காது. ஆனால் "ஒருநாள் இல்லாவிட்டால் என்ன" என்று நாம் தள்ளிவைக்கிற சாமான்களின் பட்டியலில் லைஃப் ஜாக்கெட்டும் ஹார்னும் அடுத்தடுத்து இருக்கின்றன. அண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "போலாம்" என்றார். அடுத்த அரைமணி நேரம் பேசவே இல்லை.

வண்டிப்பெரியாறு தேயிலை, பீர்மேடு பனி, முண்டக்கயம் ரப்பர், கோட்டயம் டிராஃபிக், அப்புறம் குமரகம். நம் தேனியிலிருந்து கொல்லம் போகிற நெடுஞ்சாலைதான் கோட்டயம் வரை கூடவே வருகிறது. மத்தியானச் சாப்பாட்டுக்கு மச்சினன் வீட்டில் கரிமீன் பொரித்து வைத்திருந்தார்கள். அண்ணன் தொடவில்லை. "மொதல்ல போட்டு" என்றார். (நான் தொட்டேன்.)

படகைப் பார்த்ததும் அவர் ஸ்பேனரை எடுக்கவில்லை. "பட்டன அமுக்கு மாப்ள" என்றார். 'டிக்'.

"ரிலே வேல செய்யுது. பட்டனும் செய்யுது. அடுத்தாப்ல ஹார்ன் உயிரோட இருக்கான்னு பாப்போம்."

பாட்டரியிலிருந்து இரண்டு ஒயரை நேரே இழுத்துப் பழைய ஹார்னில் தொட்டார். பேச்சு மூச்சில்லை. கழற்றிக் கவிழ்த்தார். கால் டம்ளர் துருத் தண்ணீரும் ஒரு குளவிக்கூடும் விழுந்தன! மாட்டிய புண்ணியவான் ஹார்னின் வாயை வானத்தைப் பார்த்து வைத்திருந்தார். இரண்டு மழைக்காலத்தை அது குடித்திருக்கிறது. உள்ளே அதிர்ந்து சத்தம் தருகிற தகடு, அப்பளம்போல் நொறுங்கியது.

"அப்ப புதுச மாட்டிட்டா முடிஞ்சுது" என்றேன்.

"முடியல. இங்க பாருங்க."

கறுப்பு ஒயர் எப்போதோ அறுந்திருக்கிறது. பைக் வேலை பார்த்துப் பழகிய யாரோ அதைப் பாட்டரிக்குக் கொண்டுபோகாமல், கூரையைத் தாங்குகிற இரும்புக் குழாயில் ஒரு ஸ்க்ரூ போட்டு முடிந்துவிட்டிருந்தார்கள். பைக்கிலும் லாரியிலும் அது சரி. அங்கே இரும்பு உடம்பே எர்த். மின்சாரம் உடம்பு வழியாகவே பாட்டரிக்குத் திரும்பிவிடும். படகு ஃபைபர். குழாய்க்கும் பாட்டரிக்கும் நடுவே மின்சாரம் நடக்க வழியே கிடையாது. போன ஒயர் போனதுதான். மருமகன் கைமாத்து மாதிரி. இரும்புப் படகாக இருந்தாலும் உடம்பை எர்த்தாக வைத்துக்கொள்வதில்லை, தண்ணீரில் உடம்பு அரித்துவிடும். எனவே படகில் எதற்குமே போக ஒன்று, வர ஒன்று என இரண்டு ஒயர் பாட்டரி வரை ஓடியாக வேண்டும்.

புதிய ஹார்ன் எங்கே? பழையது முன்மூக்கில், தண்ணீர் தெறிக்கிற இடத்தில் இருந்தது. அண்ணன் அதைக் கூரையின் முன்விளிம்புக்கு ஏற்றினார். எதிரே பார்த்த மாதிரி, முன்னால் மறைப்பு எதுவும் இல்லாமல், முன்சீட்டுக்காரர் காதுக்கு முன்னே தள்ளி. வாய் லேசாகக் கீழ்நோக்கி. "தண்ணி போச்சுன்னா தன்னால வடியணும்."

துளை போடுவதற்கு முன் கூரைக்குப் பின்பக்கம் கையை விட்டுத் தடவிப் பார்த்தார், வேறு ஒயர் எதுவும் ஓடுகிறதா என்று. துளை போடுகிற இடத்தில் டேப் ஒட்டினார். டிரில்லை முதலில் தலைகீழாகச் சுற்றவிட்டு, மேல்பூச்சைச் சுரண்டியபின் நேராக, மெதுவாக விட்டார். அவசரப்பட்டால் ஃபைபரின் பளபளப்பு, கீழே விழுந்த முட்டை மாதிரி விரிந்துவிடுமாம். துளைக்குள் பசை; துருப்பிடிக்காத ஸ்டீல் போல்ட்டு; பின்னால் ஒரு அலுமினியப் பட்டை, இழுவிசை ஒரே இடத்தில் விழாமல் இருக்க. நட்டைப் பாதி முடுக்கிவிட்டு, பசை இறுகியபின் மீதி. முழுசாக முடுக்கினால் பசையெல்லாம் பிதுங்கி வெளியே வந்து, மழைத் தண்ணீர் உள்ளே போகும்.

பழைய ஓட்டைகளையும் விடவில்லை. பழைய ஓட்டையும் புது போல்ட்டும் ஜாதகப் பொருத்தத்தோடு அமைந்ததாகச் சரித்திரமே கிடையாது. அவற்றை எபாக்ஸி வைத்து அடைத்தார்.

ஒயர் ஈயம் பூசிய செம்பு, கொஞ்சம் தடிமனாக. "ஹார்ன் அஞ்சு ஆம்பியர் கேக்குது. மெல்லிசு ஒயர் போட்டா வழியிலேயே வோல்ட்டு கரைஞ்சு, சளி பிடிச்ச ஆடு மாதிரி கத்தும்." பாட்டரிக்குப் பக்கத்திலேயே பத்து ஆம்பியர் ஃப்யூஸ். ஹார்னுக்குள் நுழைகிற இடத்தில் ஒயரைக் கீழே ஒரு தொங்கல் விட்டுப் பிறகு மேலே ஏற்றினார். மழைத் தண்ணீர் ஒயர் வழியே இறங்கி வந்தாலும், அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், உள்ளே போகாது.

சாயங்காலம் நாலரைக்கு முதல் சத்தம். கரையில் நின்ற வாத்துகள் மொத்தமாகத் தண்ணீரில் குதித்தன. மச்சினன் முகத்தில் நேற்றுவரை இல்லாத சிரிப்பு.

ஆனால் அண்ணன் இறங்கவில்லை. "இப்பத்தான் பாடம்" என்று சொல்லி, பையிலிருந்து ஒரு அட்டை எடுத்தார். தண்ணீரில் ஹார்ன் ஒரு பாஷை சார். ஒரு விநாடி ஒலி ஒன்று என்றால், 'நான் வலது பக்கம் திரும்புகிறேன்'. இரண்டு என்றால், 'இடது பக்கம்'. மூன்று என்றால், 'எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டுகிறேன்'. ஐந்து தடவை படபடவென்று அடித்தால், 'நீ என்ன செய்கிறாய் என்றே புரியவில்லை, சாமி!' பாட்டு ஹார்ன் ஏன் கூடாது என்பது இப்போது புரிகிறதா? அது 'வலது, இடது, பின்னால், புரியவில்லை' எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடும்!

அதைவிட முக்கியமானது வளைவு விதி. எதிரே வருவது தெரியாத வாய்க்கால் முடுக்கில் நாலிலிருந்து ஆறு விநாடி வரை நீளமாக ஒரே ஒலி. வளைவுக்கு அந்தப்புறம் அதைக் கேட்ட படகு, அதே மாதிரி நீள ஒலியில் பதில் சொல்லவேண்டும். பதில் சொல்வதும் விதி! குமுளி மலையில் அண்ணன் ஜன்னலை இறக்கிவைத்துக்கொண்டு செய்தாரே, அச்சாக அதேதான். கடலுக்கு விதி எழுதியவர்கள் எங்கள் மலைரோட்டில் ஒருதரம் பஸ்ஸில் வந்திருப்பார்களோ என்று எனக்குச் சந்தேகம்.

அந்த முடுக்குக்கே போனோம். நீளமாக ஒரு ஒலி. மச்சினன் எஞ்சினைத் தணித்தார். மூன்று பேரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் படகின் அடியில் தட்டுகிற சத்தம். அப்புறம், தென்னைகளுக்குப் பின்னாலிருந்து, கனமான குரலில், நீளமாக ஒரு பதில்! மச்சினன் படகை வலதுகரைக்கு ஒதுக்கினார். அரை நிமிஷம் கழித்து ஒரு ஹவுஸ்போட் நிதானமாகக் கடந்து போனது. அதன் டிரைவர் கையை உயர்த்தினார். இவரும் உயர்த்தினார். அவ்வளவுதான். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காமல் இருப்பதற்காகத்தான் இவ்வளவு பாடும்.

திரும்பும்போது சீட்டுக்கு அடியில் ஒரு சாக்குமூட்டை அண்ணன் காலில் தட்டியது. அவிழ்த்தால் லைஃப் ஜாக்கெட்டுகள், கவர்கூடப் பிரிக்காமல்! "அழுக்காயிரும்னு..." என்று இழுத்தார் மச்சினன். அண்ணன் ஒன்றும் பேசாமல் ஒவ்வொன்றாகப் பிரித்து, சீட்டுக்கு ஒன்றாக மாட்டினார்.

இதே காயலில், முஹம்மாவிலிருந்து குமரகத்துக்கு வந்த பயணிகள் படகு 2002 ஜூலை 27-ஆம் தேதி மூழ்கி 29 பேர் இறந்தார்கள். அளவுக்கு மேல் கூட்டம். அதில் இருந்தவர்கள் பலர் டூரிஸ்ட்டுகள் அல்ல. அரசு வேலைப் பரீட்சை எழுதக் கிளம்பிய உங்களையும் என்னையும் போன்றவர்கள். 1917-ஆம் வருஷத்துப் பழைய சட்டத்தை எடுத்துவிட்டு 2021-இல் புதிய உள்நாட்டுக் கலங்கள் சட்டம் கொண்டுவந்திருக்கிறார்கள். பதிவு, தகுதிச் சான்று எல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் சட்டம் படகில் ஏறி உட்கார்ந்துகொள்ளாது. ஏறி உட்காருவது நாம்.

ஆகவே, அடுத்த லீவில் ஆபீஸ் கோஷ்டியோடு தேக்கடியோ, குமரகமோ, முட்டுக்காடோ போகிறவர்கள், செல்ஃபிக்கு முன்னால் மூன்றே மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை பேர் ஏறலாம்? என் லைஃப் ஜாக்கெட் எங்கே? ஹார்ன் அடிக்குமா, ஒருதரம் அடித்துக் காட்டுங்களேன்? படகுக்காரர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும். கூட வந்த மேனேஜர்கூடச் சிரிப்பார். சிரிக்கட்டும்.

ஹார்ன் மட்டும் அடிக்கவில்லை என்று சொன்னால், பெரியகுளம் பஸ் ஏறச் சொல்லுங்கள். தென்கரையோ வடகரையோ, எந்தக் கரையில் இறங்கினாலும் ஹார்ன் பார்க்கிறவர் ஒருவர் கட்டாயம் கிடைப்பார்!